அசையாதவர்களுக்கு இடமில்லை

ஐந்து நாற்பதுக்குப் பெட்டி காட்டிய எண் 391. ஐந்து நாற்பத்தாறுக்கு 268.

"பாத்தியா, மளமளன்னு எறங்குது" என்றான் மாறன். "தீபத்தன்னிக்கு அடி அண்ணாமலை ரோடு காலி. நாளைக்குப் பேப்பர்ல போடுவாங்க."

தென்றல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ஆயுள் இரண்டே நிமிடம்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது பச்சையம்மாளின் கற்பூரக் கடை மொட்டை மாடியில். கீழே கிரிவலப் பாதை. பதினான்கு கிலோமீட்டர் சுற்றில் மற்ற இடங்களில் தாராளமாகப் போகும் பாதை, இந்தக் கடைக்கு முன்னால் மட்டும் எழுபது மீட்டர் தூரத்துக்கு இடுப்பைச் சுருக்கிக்கொள்ளும். ஒரு பக்கம் வீட்டுச் சுவர்கள். இன்னொரு பக்கம் ஆளுயரக் கம்பி வேலி. நடுவில் ஒரு லாரி போகலாம், இரண்டு லாரி போக முடியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சம் பேர் நடக்கிற பாதையில் இது ஒரு தொண்டைக்குழி. போன வருடம் தீபத்தன்று இங்கே ஏழு பேர் மயங்கி விழுந்தார்கள்.

அதற்குத்தான் பெட்டி. டிபன் கேரியர் உயரம், அலுமினியத் தகடு, உள்ளே கார் பேட்டரி கொடுக்கும் கரண்டில் ஓடும் ஒரு சில்லு. மாடி மூலையில் கட்டிய சவுக்குக் கம்பத்தின் உச்சியில் கேமரா. கேமரா பார்க்கும் பாதையைப் பெட்டி கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். நியூரல் நெட்வொர்க். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிக் காட்டி, இது தலை, இது தார், இது நிழல் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஐந்நூறு மீட்டர் முன்னால், பாதை வளைகிற இடத்தில், கயிறும் இரும்புத் தடுப்புமாக ஏட்டு அப்பாதுரை நின்றார். அவர் தலைக்கு மேல் மூன்று நிற விளக்கு. ஆள் இருக்கும் கட்டங்கள் எத்தனை என்று மாடியிலிருந்து டெலிபோன் ஒயரில் பெட்டி அனுப்புகிற எண்தான் அந்த விளக்கை மாற்றும். எண் 250-க்குக் கீழே பச்சை: தடுப்பைத் திற. 380 வரை மஞ்சள்: ஒற்றை வரிசையாக விடு. அதற்கு மேல் சிவப்பு: மூடு.

ஆறு பௌர்ணமி சோதித்தார்கள். ஆறிலும் அது ஒரு தப்பும் செய்யவில்லை.

தென்றல் அடி அண்ணாமலைப் பெண். கடலைக் கொல்லையில் களை பிடுங்கிய கை, சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் சர்க்யூட் பலகைக்கு ஈயம் வைக்கப் போய், இருபத்தெட்டாவது வயதில் சொந்த ஊருக்கே ஒரு பெட்டியைக் கொண்டுவந்திருந்தது. 1999 கார்த்திகை தீபம் அதற்குப் பரீட்சை நாள். காலையில்கூட அண்ணி தேவிப்ரியாவிடம் சொல்லியிருந்தாள்.

"கூட்டத்துல போய் எங்கயும் மாட்டிக்காதீங்க அண்ணி. எழிலைத் தூக்கிக்கிட்டு நேரா பச்சையம்மா அத்தை கடை முன்னாடி வந்து நின்னுடுங்க. அங்க நெரிசலே வராது. என் பெட்டி பாத்துக்கும்."

எழிலுக்கு மூன்று வயது. அண்ணிக்கு நாத்தனார் வார்த்தை வேதவாக்கு.

"இருநூத்தி நாப்பத்தி மூணு" என்றான் மாறன். "பச்சை விழுந்துடுச்சு. ஏட்டய்யா தொறந்துட்டிருப்பாரு. மெமரியைப் பாரேன், பாதி காலி. இதுக்காடி ராத்திரி பகலா அடிச்சுக்கிட்ட?"

அடித்துக்கொண்டது உண்மை. அந்தச் சில்லுக்குள் இருந்த நினைவிடம் மொத்தமே முப்பத்திரண்டு கிலோபைட். பாதை விழும் கட்டங்கள் ஐந்நூறு. ஒவ்வொரு கட்டத்தைப் பற்றியும் யோசிக்கப் பெட்டிக்கு அறுபத்து நான்கு பைட் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஐந்நூறு கட்டத்துக்கே வீடு நிரம்பிவிடும், வேலைக்காரன், அதாவது பெட்டியை நடத்தும் புரோகிராம், படுக்க இடமிருக்காது. வெளியே தனியாக ஒரு மெமரி சில்லு வைத்துப் பார்த்தார்கள். அங்கே போய் எடுத்து வந்து கணக்குப் போடுவதற்குள் ஒரு படத்துக்கு நான்கு விநாடி ஆனது. மே மாத மாடி வெயிலில் அதுவும் கொதித்து நின்றுபோனது.

தென்றல் கண்டுபிடித்த வழி, தீப நேரத்து லாட்ஜ்காரர்களின் வழி. இருக்கிற அறையை யாருக்கு நிஜமாகவே வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் கொடு. நடக்கிற கூட்டம் அசைந்துகொண்டே இருக்கும். அசைகிற கட்டத்துக்கு இடம் கொடு. பத்துப் படம் வரைக்கும் ஒரு கட்டத்தில் எதுவும் மாறவில்லையென்றால் அது தரை, அல்லது தள்ளுவண்டி, அல்லது ரோட்டோரம் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் சாமியார். அதன் இடத்தைப் பிடுங்கி அடுத்த கட்டத்துக்குக் கொடுத்துவிடு.

"சாமியாருங்களுக்கு உன் பெட்டியில மெமரி கிடையாது" என்று அப்போது மாறன் கிண்டல் செய்தான். அவன் கீழ்பென்னாத்தூர்க்காரன். வாய் ஓயாது. ஆனால் நெட்வொர்க்குக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

அந்தத் தந்திரத்தால் ஒரே சமயத்தில் நானூற்று ஐம்பது கட்டம் வரை தாங்கியது. ஆறு பௌர்ணமியிலும் 420-ஐத் தாண்டவில்லை.

இப்போது 219.

தென்றல் எழுந்தாள். காலியான பாதையில் அண்ணி எங்கே நிற்கிறாள் என்று பார்க்கலாமே என்றுதான் கைப்பிடிச் சுவர் ஓரம் போனாள்.

எட்டிப் பார்த்தாள்.

பாதையில் தார் தெரியவில்லை. தலைகள். சுவர் முதல் வேலி வரை, கண்ணுக்கெட்டிய இரு முனை வரை, தலைகள். ஒருவர் தோள் இன்னொருவர் மார்பில். எல்லா முகமும் வலப்பக்கம், மலை உச்சியை நோக்கி. நெஞ்சுக்கு நேரே குவிந்த கைகள். ஆயிரக்கணக்கான பேர் நின்றார்கள், ஒருவர்கூட நகரவில்லை. எங்கோ ஒரு கைக்குழந்தையின் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

தீபம் ஏற்ற இன்னும் பத்து நிமிடம். ஊர் முழுக்க எங்கே நடந்துகொண்டிருந்தாலும் அங்கேயே நின்றுவிடும் நேரம்.

"மாறா, இங்க வா."

"இன்னா?"

"வந்து பாரு."

வந்தான். பார்த்தான். திரும்பி மடிக்கணினியைப் பார்த்தான். திரையில் வெள்ளைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டிருந்தன. 204.

"கேமரா போச்சா?"

"கேமரா நல்லாத்தான் இருக்கு. ஜனம் நிக்கிது."

"நின்னா?"

"நின்னா நம்ம பெட்டிக்கு அவங்க தரை."

மாறனின் முகத்தில் இருந்த கேலியெல்லாம் வழிந்து போனது. "ஏய். நீ இந்த ஊர்க்காரிதானே. தீபத்தன்னிக்கு நிப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாதா? பிறந்ததிலிருந்து இருபத்தெட்டு தீபம். வருடா வருடம் இதே பாதையில் இதே நேரத்தில் அவளும் கை கூப்பி நின்றிருக்கிறாள். கண்ணை மலையிலிருந்து எடுத்ததில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், நடக்கிறார்களா நிற்கிறார்களா என்று எந்த வருடமும் பார்த்ததில்லை. ஊரில் யாருமே பார்த்ததில்லை. அந்தப் பத்து நிமிடம் கூட்டம் எப்படியிருக்கும் என்று கேட்டால் ஊரே சேர்ந்து மலையைத்தான் சொல்லும்.

"நீயும் கீழ்பென்னாத்தூர்தானே" என்றாள். "நீ பாத்திருக்கியா?"

அவன் மறுபடி கீழே பார்த்தான்.

பச்சை எரிகிறது. அங்கே தடுப்பு திறந்திருக்கிறது. நாலு வரிசையாக ஜனம் உள்ளே வந்துகொண்டிருக்கிறது, தீபத்துக்குள் இன்னும் கொஞ்ச தூரம் போய்விடலாம் என்ற வேகத்தில். வந்து மோதப்போவது நிற்கிற முதுகுகளில். பின்னால் வருகிறவனுக்கு முன்னால் இடமில்லை என்று தெரியாது. முன்னால் நிற்கிறவனுக்குப் பின்னால் வருவது தெரியாது. பக்கவாட்டில் ஒதுங்கச் சுவரும் வேலியும்.

கடை வாசலுக்கு நேர் கீழே ஒரு மஞ்சள் சேலை. அண்ணி. இடுப்பில் எழில்.

தென்றல் போனை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினாள். தடுப்பில் இருக்கிற போனுக்கு நேர் இணைப்பு. ஏழெட்டு மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"ஏட்டய்யா, நான் தென்றல் பேசறேன். உடனே மூடுங்க."

"யாரு?"

"தென்றல். இஞ்சினியர். தடுப்பை மூடுங்கய்யா, இங்க மூச்சு விட இடமில்ல."

"விளக்கு பச்சையில கீதும்மா."

"பச்சை பொய். பெட்டி தப்பாக் காட்டுது."

மறுமுனையில் கூட்டத்தை யாரோ அதட்டும் சத்தம். பிறகு அப்பாதுரை நிதானமாகச் சொன்னார்: "போன பௌர்ணமிக்கு இதே மாதிரி ஒரு பொம்பளை கொரலு. இஞ்சினியரம்மா பேசறேன், பெரிய எடத்து காரு வருது, விட்டுடுங்கன்னுச்சு. நானும் விட்டேன். அப்பறம் மேலதிகாரி கிட்ட நான் வாங்குனது எங்க வீட்டுக்காரிக்கு கூடத் தெரியாது."

"அது நான் இல்லைய்யா. இது நான்."

"அதையும் அந்தம்மா சொல்லுச்சு."

"அய்யா, நான் இந்த ஊரு. தங்கம்மாள் பொண்ணு."

"தங்கம்மா பொண்ணுங்க இந்தப் பக்கம் பத்து பேரு கீறாங்க. கேளும்மா. எங்கிட்ட இஞ்சினியரம்மா வந்து சத்தியம் வாங்கினு போச்சு. மந்திரி சொன்னாலும் சரி, கடவுளே எறங்கி வந்தாலும் சரி, நானே போன்ல சொன்னாலும் சரி, விளக்கைத்தான் பாக்கணும்னு. எனக்குப் பின்னாடி இருபதாயிரம் பேரு தள்றான். பச்சை எரியச்சொல்ல மூடுனேன்னு வெச்சுக்கோ, இங்க மிதிபட்டுச் செத்தான்னா யாரு பதில் சொல்றது? வெய்யி போனை."

வைத்துவிட்டார். மறுபடி சுற்றினாள். யாரும் எடுக்கவில்லை.

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் தென்றலே சொல்லிக் கொடுத்தது. 'நானே போன்ல சொன்னாலும் சரி' என்று அழுத்திச் சொன்னதும் அவள்தான்.

"கைச் சிவப்பு போடு" என்று திரும்பினாள். உடனே ஞாபகம் வந்தது. மாறனுக்கும்.

பெட்டியைக் கேட்காமல் நேரடியாகச் சிவப்பு போட ஒரு கட்டளை இருந்தது. முந்நூறு பைட். போன வியாழக்கிழமை, தீபத்துக்குக் கூட்டம் ஜாஸ்தி வரும், இன்னும் நாலைந்து கட்டத்துக்காவது இடம் தேற்றலாம் என்று இருவரும் சேர்ந்து அதை அழித்திருந்தார்கள். 'அதான் போன் இருக்கே' என்றான் மாறன். 'ஆமா' என்றாள் அவள், ஏட்டிடம் வாங்கிய சத்தியத்தை மறந்து.

"ஒயரைப் புடுங்கிடவா?"

"புடுங்கினா விளக்கு அதைப் பூஜ்யம்னு எடுத்துக்கிட்டு நிக்கும். பச்சையில."

"நான் ஓடறேன். பின்னாடி கொல்லை வழியா."

"ரெண்டு வேலி, ஒரு ஓடை. கால் மணி ஆகும். தீபமே முடிஞ்சுடும்."

188.

கீழே ஒரு அலை வந்தது. இடது முனையில் தொடங்கி, தலைகள் ஒரு சாண் முன்னால் சாய்ந்து மீண்டன. யாரோ ஒரு பெண் "ஐயோ, தள்ளாதீங்க" என்றாள். யாரும் திரும்பவில்லை. மலையிலிருந்து கண்ணை எடுக்க யாருக்கும் மனமில்லை. மஞ்சள் சேலை கடைப் பலகையோடு ஒட்டிக்கொண்டது.

தென்றல் சவுக்குக் கம்பத்தைப் பார்த்தாள்.

பெட்டிக்கு வேண்டியது அசைவு. ஜனம் அசையாவிட்டால் என்ன? பார்க்கிற கண் அசையட்டும்.

"மாறா, நம்பரைப் படிச்சுக்கிட்டே இரு. வாயை மூடாத."

அது ஒன்றுதான் அவனுக்குச் சுலபமான வேலை. கம்பத்தை மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். முடிச்சு அவிழவில்லை. ஒயர் வெட்டுகிற குறட்டால் இரண்டு கயிற்றைக் கடித்து அறுத்தாள். கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"எரநூத்தி எம்பது. முன்னூத்தி அம்பது. நானூத்திப் பத்து, சிவப்பு, சிவப்பு. நானூத்தி அறுவ… ஏய் நிறுத்து."

திரை இருண்டது.

மொத்தக் கூட்டமும், தள்ளுவண்டிகளும், சாமியார்களும் ஒரே நேரத்தில் இடம் கேட்டுவிட்டார்கள். நானூற்று ஐம்பதைத் தாண்டியதும் பெட்டி மூச்சு முட்டி விழுந்து, தன்னைத்தானே மறுபடி துவக்கிக்கொண்டது. அதற்கு இருபது விநாடி. துவங்கும்போது அதன் நினைவிடம் முழுக்கப் பூஜ்யம். பூஜ்யம் என்றால் காலிப் பாதை. காலிப் பாதை என்றால் பச்சை. பிறக்கும்போதே பச்சையில் பிறக்கிற பெட்டி.

இருபது விநாடியும் தென்றல் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கீழே இரண்டாவது அலை வந்தது. இந்தத் தடவை சாய்ந்த தலைகள் எல்லாம் மீளவில்லை. வேலிப்பக்கம் கம்பி கிறீச்சிட்டது.

"தென்றலு, மேல இன்னாடி ஆட்டம்?" என்று கடைக்குள்ளிருந்து பச்சையம்மாள் கத்தினாள். "கூரையில காரை கொட்டுது. கற்பூரமெல்லாம் போச்சு."

"அத்தே, எங்க அண்ணி வாசல்ல இருக்காங்க. கொழந்தையை உள்ள வாங்குங்க."

"யாரு, தேவியா? அவ வரா மாதிரியாடி இருக்கு? நெஞ்சு மேல நாலு பேரு நிக்கறான்."

"கொழந்தையையாவது வாங்குங்க அத்தே."

"வந்துடுச்சு" என்றான் மாறன். "பெட்டி எழுந்துடுச்சு. பன்னெண்டு. நாப்பது. மெதுவா ஆட்டு. ஊஞ்சல் ஆட்டாத, தூளி ஆட்டு."

தூளி. உள்ளே குழந்தை தூங்குகிற தூளி. தென்றல் கம்பத்தைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு, ஒரு விரற்கடை அந்தப் பக்கம், ஒரு விரற்கடை இந்தப் பக்கம்.

"நூத்தித் தொண்ணூறு. எரநூத்தி அறுவது, மஞ்சள். போதாது. கொஞ்சம் கூட. முன்னூத்தி முப்பது. முன்னூத்தி எழுவது. இன்னும் ஒரு இழை. முன்னூத்தித் தொண்ணூத்தி ரெண்டு. சிவப்பு. அப்டியே புடிச்சுக்கோ, அப்டியே."

380-க்கும் 450-க்கும் நடுவில். அதற்குக் கீழே போனால் தடுப்பு திறக்கும். மேலே போனால் பெட்டி செத்துப் பச்சையில் பிறக்கும். எழுபது கட்ட அகலத்தில் ஒரு பாலம், அதன் மேல் அவள் மணிக்கட்டு.

"நானூத்தி ஆறு. நானூத்திப் பதினெட்டு. கம்மி பண்ணு. முன்னூத்தித் தொண்ணூத்தஞ்சு. ம்ம். நானூறு."

அங்கே அப்பாதுரை மூடியிருப்பாரா? சிவப்பு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு இரண்டு நிமிடத்தில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, பைத்தியக்கார விளக்கு என்று தலையில் அடித்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு விட்டுக்கொண்டிருப்பாரா? இங்கிருந்து தெரியாது. வளைவைத் தாண்டி எதுவும் தெரியாது. கீழே அண்ணி இருக்கிறாளா, சரிந்துவிட்டாளா, அதுவும் தெரியாது. தென்றலின் முகத்துக்கு நேரே சவுக்குப் பட்டையும் அதில் ஊர்கிற ஒரு கட்டெறும்பும் மட்டும்தான்.

எறும்பு அவள் மணிக்கட்டில் ஏறியது. கடித்தது. கை அசையாமல், அதாவது சரியாக அசைந்துகொண்டே, பல்லைக் கடித்தாள்.

"மணி என்ன?"

"அஞ்சு அம்பத்தெட்டு. நானூத்தி ரெண்டு."

கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கமே எண்ணில் ஏறியது. 421. 433. மாறன் எழுந்து நின்றுவிட்டான்.

"கொறை, கொறை."

"முடியலடா. தானா ஆடுது."

"நான் புடிக்கட்டா?"

"கை மாத்தினா ஒரு ஆட்டம் ஆடும். வேணாம். படி."

"நானூத்தி இருவத்தெட்டு. நானூத்திப் பதினஞ்சு. சரி. சரி."

அப்போது தென்றலுக்கு அது தோன்றியது. 

"தீபம் தெரிஞ்சதும் என்ன பண்ணுவாங்க?"

"யாரு?"

"ஜனம்டா. கை தூக்குவாங்க. தலைக்கு மேல. எல்லாரும் ஒரே நேரத்துல."

நெஞ்சில் குவிந்த அத்தனை கையும் தலைக்கு மேல் போகும். அது போதும், பெட்டி நிரம்ப. அதோடு அவள் ஆட்டுவதும் சேர்ந்தால் 450 எம்மாத்திரம். அந்தக் கணத்தில் அவள் நிறுத்த வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

"நீ மலையைப் பாரு. ஜோதி தெரிஞ்ச அந்த நொடியே சொல்லு."

"நம்பரை யாரு படிக்கறது?"

"நம்பர் வேணாம். மலையைப் பாரு."

எண் இல்லாத அந்த ஒன்றரை நிமிடம்தான் அவள் வாழ்நாளில் நீளமானது. காதில் யாரும் எண் சொல்லாமல், கன்னத்தில் கம்பத்தின் அதிர்வை வைத்தே ஆட்டினாள். இது நானூறாக இருக்கும். இது நானூற்றுப் பத்தாக இருக்கும். மூன்றாவது அலையைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டாள். பல பேரின் நெஞ்சிலிருந்து ஒரே நேரத்தில் காற்று பிதுங்கும் சத்தம். ஆனால் முந்தியதைவிடச் சின்னதா? சின்னது மாதிரிதான் இருந்தது.

"இப்ப" என்றான் மாறன்.

கையை எடுத்தாள்.

"அரோகரா" என்று பூமி எழுந்தது. மலையைச் சுற்றியுள்ள ஊர்களெல்லாம் ஒரே தொண்டையாகக் கத்திய சத்தம். கம்பம் தானாகவே அதிர்ந்தது. மாறன் மடிக்கணினி மேல் பாய்ந்தான்.

"நானூத்தி முப்பத்தொம்போது. நாப்பத்தி நாலு. நாப்பத்தி ஏழு. நாப்பத்தி ஏழு. நாப்பத்தி ஏழு." அவன் குரல் அழுவதுபோல் ஆனது. "நாப்பத்தி ஒண்ணு. எறங்குது."

கூப்பிய கைகள் தலைக்கு மேல் போய் அங்கேயே நின்றன. மறுபடி அசைவில்லை. 410, 385. தென்றல் மறுபடி கம்பத்தைக் கட்டிக்கொண்டு தூளி ஆட்டினாள். ஆட்டினாள். மலைக்கு முதுகு காட்டி நின்று தீபத்தைப் பார்க்காமல் போன ஒரே ஆள் அந்தப் பாதையில் அவளாகத்தான் இருக்கும்.

ஆறு ஐந்துக்கு முன் வரிசை நடக்க ஆரம்பித்தது. மெல்ல. காவடி ஒன்று நகர்ந்தது. பிறகு தலைகள்.

"தென்றல், நடக்கறாங்க. விட்டுடு."

விட முடியவில்லை. இப்போது மாறன் படிக்கிற 412 ஜனத்தின் 412-ஆ, அவள் கையின் 412-ஆ? கையை எடுத்தால்தான் தெரியும். எடுத்து, எண் விழுந்து, பச்சை எரிந்துவிட்டால்?

"விடுடி."

ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.

"நானூறு. முன்னூத்தித் தொண்ணூத்தெட்டு. நிக்குது. நிஜ நம்பர்."

மாடிப்படியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கடைக்குள் உடைந்த கற்பூரப் பெட்டிகளுக்கு நடுவே பச்சையம்மாள் எழிலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை விக்கிக்கொண்டிருந்தது. கல்லாப் பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. தேவிப்ரியா தரையில், சுவரில் சாய்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சேலையின் முந்தானையைக் காணோம். மூச்சு வாங்கியது. ஆனால் வாங்கியது.

"அண்ணி."

தேவிப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். கோபம் கூட இல்லை, வெறும் ஆச்சரியம். "நெரிசலே வராதுன்னியே."

தென்றல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அவளை அப்பறம் கேளு" என்றாள் பச்சையம்மாள். "மொதல்ல தண்ணி குடி. கொழந்தையைத் தலைக்கு மேல தூக்கி எங்கிட்ட குடுத்தா பாரு, அது தெய்வச் செயல். வெளிய இன்னும் மூணு பேரைத் தூக்கி உக்கார வெச்சிருக்கோம். உயிருக்கு ஒண்ணும் இல்ல."

மேலே போன் அடித்தது. மாறன் படிக்கட்டில் தலையை நீட்டினான். "ஏட்டய்யா. உன்னத்தான் கேக்கறாரு."

ஏறினாள். ரிசீவரை வாங்கினாள்.

"இஞ்சினியரம்மாவா? நெஜமாவே நீயாம்மா?" அப்பாதுரையின் குரலில் பழைய நிதானம் இல்லை. "உன் விளக்கு குடிகாரன் மாதிரி ஆடிச்சே, என்னாத்துக்கு? ரெண்டாவது வாட்டி சிவப்பு விழுந்து நின்னப்பதான் மூடுனேன். அப்பவே உள்ள எவ்ளோ பேரை உட்டுட்டனோ. மெய்யாலுமே நீதான் கூப்ட்டியா?"

"நான்தான் அய்யா."

"யாருக்கின்னா ஆச்சா?"

"அடி பட்டிருக்கு. உயிர் இருக்கு எல்லாருக்கும்."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. "இப்ப மஞ்சள் வந்துட்ச்சு. பின்னாடி கொதிக்கிறான். தொறக்கட்டா?"

மாறன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். 361. சுத்தமான, நியாயமான மஞ்சள். நடக்கிற கூட்டத்தை அந்தப் பெட்டி ஒருநாளும் தப்பாக எண்ணியதில்லை.

"இருங்க" என்றாள். "பாத்துச் சொல்றேன்."

ரிசீவரைக் காதில் வைத்தபடியே, ஒயர் எட்டும் மட்டும் இழுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவருக்குப் போனாள். குனிந்து இடது முனையிலிருந்து வலது முனைவரை பார்த்தாள். மெதுவாக, கடலைக் கொல்லையில் களை தேடுவதுபோல. வேலிப்பக்கம் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார், நகரவில்லை. அவரை எண்ணிக்கொண்டாள். சாமியார்களை எண்ணிக்கொண்டாள். சுவரோரம் உட்கார வைக்கப்பட்டிருந்த மூன்று பேரை எண்ணிக்கொண்டாள். நடுவில், இரண்டு முதுகுகளுக்கு இடையே, ஒரு முழம் தார் தெரிந்தது. மறைந்தது. மறுபடி தெரிந்தது.

"ஏட்டய்யா, ஒரே ஒரு கயிறு அவிழுங்க. அம்பது பேர். எண்ணி விடுங்க."

"விளக்கைப் பாக்க வேணாமா?"

"வேணாம். போனை மட்டும் வெச்சுடாதீங்க."